மூன்றாவது தலைமாட்டு விளக்கு

மெர்சிங்,
6 செப்டம்பர் 1936

டொரத்திக்கு,

கிரகோரி எழுதுவது. பாலோவை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள். எனக்கு ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. எனக்கு இன்ஜின் வரும், கணக்கு உனக்குத்தான் வரும்.

படகு முக்கால்வாசி தயார். முப்பத்தாறு அடி, இரண்டு பாய்மரம், இன்ஜின் கிடையாது. இதை வைத்திருந்த துரை சீமைக்குப் போகும்போது ஏறக்குறையச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். தீவுகளில் கொப்பரை ஏற்றி வந்து இங்கே இறக்கினால் நமக்குப் போதும். நடுவில் நாம் இருக்கும் அறை. பின்னால் அடுப்படி. முன்னால் குனிந்து நுழைகிற ஒரு சின்ன அறை. அதுதான் வீடு. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

பதினோரு வருஷம் தோட்டத்து இன்ஜின் ரூமில் நின்று அடுத்தவன் பங்களாவுக்கு லைட் கொடுத்தேன். நாம் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு இருமினோம். உனக்கு அந்தப் புகை ஆகாது. படகில் காற்றோட்டம் இன்னும் குறைவு. அதனால் கரண்டு வைக்கப் போகிறேன். பெட்ரோல் செட் வாங்கலாம், ஆனால் அது பேய்க் கத்தல் கத்தும். பேட்டரியைக் கரையில் சீனன் பட்டறையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றலாம். இல்லாவிட்டால் பாய்மரத்தில் ஒரு காற்றாடியைக் கட்டி அதில் கார் டைனமோவைச் சுற்றவிடலாம். எனக்குக் காற்றாடிதான் பிடித்திருக்கிறது. பாய்க்குக் கிடைக்கிற காற்று விளக்குக்கும் கிடைத்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் பன்னிரண்டு வோல்ட். நடு அறை விளக்கு இரண்டு ஆம்பியர், நாளுக்கு மூன்று மணி நேரம். கட்டில் தலைமாட்டு விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் அரை ஆம்பியர், இரண்டு மணி நேரம். அடுப்படி விளக்கு ஒரு ஆம்பியர், இரண்டு மணி. நங்கூரம் போட்டால் மேலே எரிகிற விளக்கு அரை ஆம்பியர், பதினோரு மணி. உனக்கு விசிறி ஒரு ஆம்பியர், ஆறு மணி. சிங்கப்பூரில் ரேடியோ நிலையம் திறக்கப் போவதாகப் பேச்சு, அதனால் ரேடியோ மூன்று ஆம்பியர், இரண்டு மணி. அறுபது ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று போதுமா என்று பார்த்து எழுது.

கிரகோரி

&nbsp;

பாலோ,
14 செப்டம்பர் 1936

உங்களுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கவில்லை, நலமாக இருப்பவர்தான் இவ்வளவு நீளப் பட்டியல் எழுத முடியும்.

ஆம்பியரை மணியால் பெருக்கிக் கூட்டினால் நாளுக்கு இருபத்தேழரை வருகிறது. பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அது சீக்கிரம் செத்துப்போகும் என்று இதே வீட்டில் உட்கார்ந்து நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியானால் அறுபதில் முப்பதுதான் நமக்கு. ஒரு நாள் தாங்கும். மறுநாள் காற்று அடிக்காவிட்டால் இருட்டு. நங்கூர விளக்கை மண்ணெண்ணெயிலேயே வையுங்கள். அது வெளியே எரிவது, புகை எனக்கு வராது. ஐந்தரை குறையும். மிச்சம் இருபத்திரண்டு.

அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். புஷ்பத்தின் தலைமாட்டு விளக்கை மறந்துவிட்டீர்கள். அரை ஆம்பியர், இரண்டு மணி. ஆக இருபத்து மூன்று. மூன்று பேருக்கு மூன்று விளக்கு.

கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரியபுஷ்பம் நீங்கள் பெற்ற பிள்ளை இல்லைதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் கோயிலில் சாமியார் முன்னால் நாம் நின்றபோது, ஆறு வயசில் அவளும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கண்டிருப்பீர்கள்.

படகு வாங்கியதை என்னிடம் கேட்காமல் செய்தீர்கள். வேலையை விட்டதையும் கேட்காமல் செய்தீர்கள். லாரி ஏறும்போது நான் வாசலுக்கு வரவில்லை என்று உங்களுக்குக் கோபம். கேட்காமல் போகிறவரை வழியனுப்ப எனக்கு வரவில்லை. இருந்தாலும் நான் வரமாட்டேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. நவம்பர் முடிவதற்குள் பள்ளிக்கூட வேலையை விடுகிறேனா இல்லையா என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லியாக வேண்டும். விட்டால் இந்த வீடும் போய்விடும். அதனால் ஒழுங்காக எழுதுங்கள்.

நேற்று உங்கள் படத்தை, அதுதான் நீங்கள் வரைந்து அனுப்பிய படகுப் படத்தை, புஷ்பம் எடுத்துப் பார்த்தாள். "எனக்கு எந்தப் பக்கம் கட்டிலு?" என்று கேட்டாள். தெரிந்தால் எழுதுங்கள்.

டொரத்தி

&nbsp;

மெர்சிங்,
27 செப்டம்பர் 1936

டொரத்திக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது சிலேட்டும் கையுமாக உன் முன்னால் நிற்பது போல் இருந்தது. நான் உன் மூன்றாம் வகுப்புப் பையன் இல்லை. சரி, நங்கூர விளக்கு மண்ணெண்ணெய்தான். அதில் நீ சொன்னது நியாயம்.

பேட்டரி ஒன்று போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாங்கிவிடலாம். மொத்தம் நூற்று இருபது, அதில் பாதி அறுபது. நாளுக்கு இருபத்திரண்டு என்றால் காற்றே இல்லாமல் இரண்டரை நாளுக்கு மேல் ஓட்டலாம். ஈய பேட்டரிதான், அதுதான் இங்கே எந்தப் பட்டறைக்காரனுக்கும் தெரியும்.

இரண்டையும் முன் அறையில் வைக்கிறேன். தேக்குப் பெட்டி அடித்து, மேலே சுவிட்சுப் பலகை, பக்கத்தில் வயர்ச் சுருள், கருவிப் பெட்டி, மாற்று டைனமோ. இங்கே பாக் சமாட் என்று ஒரு மலாய்த் தச்சர் இருக்கிறார். காற்றாடி இறக்கையை அவர்தான் செதுக்குகிறார். அளவு எதுவும் கேட்பதில்லை, கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே இழைக்கிறார். முன் அறையைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இனி ஒரு பூனைகூடப் படுக்க முடியாது" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு சுத்தமாக எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறேன். நீ வந்து பார்க்க வேண்டும்.

அடுப்படியில் உன் உயரத்துக்குப் பலகை போட்டாயிற்று. குனிய வேண்டாம்.

கிரகோரி

&nbsp;

பாலோ,
5 அக்டோபர் 1936

உங்களுக்கு,

இருபத்திரண்டு இல்லை. இருபத்து மூன்று. நான் கூட்டி அனுப்பியதில் ஒன்றைக் கழித்து எழுதியிருக்கிறீர்கள். கைதவறி என்றுதான் முதலில் நினைத்தேன். பூனையைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நடு அறையில் இரண்டு கட்டில். மூன்றாவது ஆள் படுக்க அந்த முன் அறையை விட்டால் இடமில்லை. நீங்கள் அனுப்பிய படத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன். அப்படியிருக்க அங்கே பேட்டரியை வைத்தால் பிள்ளை எங்கே படுப்பாள்?

உங்கள் இடத்தில் இப்போது இன்ஜின் ரூமில் இருக்கும் மூர்த்தியிடம் விசாரித்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, ஈய பேட்டரிக்குள்ள கடல் தண்ணி பூந்துச்சின்னா ஒரு ஆவி வரும். நெஞ்சப் புடிச்சிரும்லா. அந்த ரூம்ல ஆளு படுக்கவே கூடாது. அண்ணனுக்கு இது தெரியாமயா இருக்கும்?" என்றான். எனக்கும் அதுதான் கேள்வி. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

நிக்கல் இரும்பு பேட்டரி என்று ஒன்று இருக்கிறதாம். கடல் தண்ணீர் பட்டாலும் அந்த ஆவி வராதாம். கனம் கொஞ்சம், இடம் கொஞ்சம் கூடவாம். அதை வாங்கி அடுப்படிப் பலகைக்குக் கீழே வையுங்கள். என் கால் இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும். முன் அறையைக் காலி செய்து ஒரு கட்டில் போடுங்கள். நாலடி எட்டங்குலம் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

புஷ்பம் எங்கே படுப்பாள்? இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதினால் போதும், காற்றாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டொரத்தி

&nbsp;

மெர்சிங்,
19 அக்டோபர் 1936

டொரத்திக்கு,

காற்றாடியை ஓட்டிப் பார்த்தேன். ஆற்றுக்குள் சதுப்பு மரம் மறைக்கிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே கொண்டுபோனால் பகலில் நான்கு மணி நேரம் நல்ல காற்று. மீட்டர் முள் ஐந்து ஆம்பியரில் நின்றது. பாக் சமாட் கையைத் தட்டினார். நானும் சின்னப் பையன் மாதிரி சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை.

முப்பத்திரண்டு வோல்ட்டுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். வயர் மெல்லியதாக இருந்தால் போதும், கரண்டு வீணாவது குறையும். ஆனால் கார் டைனமோ அதற்கு ஒத்துவராது. பன்னிரண்டிலேயே நிற்கலாம்.

நிக்கல் இரும்பு பேட்டரி எனக்குத் தெரியாததா? மூர்த்தி என்னிடம் வேலை கற்றவன். என் வீட்டு விஷயத்தை நீ அவனிடம் கொண்டுபோக வேண்டாம். ஈய பேட்டரி ஈய பேட்டரியாகவே இருக்கட்டும். அந்த அறையில் யாரும் படுக்கப் போவதில்லை, ஆகையால் ஆவிக்கும் பயப்பட வேண்டாம்.

மற்றதை நேரில் பேசுவோம். வடகாற்று ஆரம்பித்துச் சரக்குப் படகு நிற்பதற்குள் சிங்கப்பூர்க் கடைக்கு ஆர்டர் எழுத வேண்டும்.

கிரகோரி

&nbsp;

பாலோ,
30 அக்டோபர் 1936

உங்களுக்கு,

நேரில் பேச ஒன்றும் மிச்சமில்லை. நான் வளர்ந்த கான்வென்டிலிருந்து மதர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டபடி மரியபுஷ்பத்துக்கு ஜனவரியிலிருந்து விடுதியில் ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறார்களாம். நான் கேட்டுக்கொண்டபடி! "உன் மகளையும் இங்கேயே வளர்க்க நினைத்தாயே, சந்தோஷம் டொரத்தி" என்று கடைசியில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வயசான மனுஷி என்னைச் சின்னதிலிருந்து அறிந்தவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வந்த கடிதத்தை நம்பினார்கள். என் பெயரைப் போட்டு நீங்கள் எழுதிய கடிதத்தை.

எப்போது எழுதினீர்கள்? ஆகஸ்ட் மாதக் கடிதம் என்று மதர் குறித்திருக்கிறார்கள். எனக்கு நீங்கள் முதல் பட்டியல் அனுப்பியது செப்டம்பரில். ஆக உங்கள் பட்டியல் முதல் நாளே சரியாகத்தான் இருந்திருக்கிறது. விளக்கை நீங்கள் மறக்கவே இல்லை. மறந்துவிட்டதாக நினைத்து நான்தான் அசட்டுத்தனமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகக் கணக்கில் அந்த ஒன்றுக்காகச் சண்டை போட்டேனே, உள்ளே சிரித்திருப்பீர்கள்.

அப்பா அம்மா இல்லாமல் நான் அந்த விடுதியில் எட்டு வருஷம் இருந்தவள். சோறு போட்டார்கள், கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். எனக்கு வர யாரும் இல்லை என்று தெரிந்தும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எனக்கு யாரும் இல்லை, அதனால் அங்கே இருந்தேன். அவளுக்கு நான் இருக்கிறேன்.

உங்கள் வாயால் சொல்லுங்கள். பேட்டரியை நடுவில் வைக்காமல் சொல்லுங்கள்.

டொரத்தி

&nbsp;

மெர்சிங்,
10 நவம்பர் 1936

டொரத்திக்கு,

சொல்கிறேன். சிரிக்கவில்லை. ஒரு நாளும் சிரிக்கவில்லை.

மதருக்கு உன் பெயரில் எழுதியது நான்தான். நான் கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். எல்லாம் முடிவான பிறகு சொன்னால் கொஞ்சம் அழுதுவிட்டு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அது தப்பு. ஆனால் ஏன் என்று நீ கேட்கவே இல்லை.

மூன்று வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவள் என்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். என்னைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் "அவரு" என்பாள். போன வருஷம் ஆசிட் கொட்டி என் கை வெந்துபோன அன்று நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். "அம்மா இல்ல. அப்புறமா வாங்க" என்றாள். நான்தான் என்று சொன்னேன். தெரியும், அப்புறமா வாங்க என்றாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை என் வீட்டு வாசலில் கடன்காரன் மாதிரி நின்றேன். எதிர் வீட்டு அங்கம்மா பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நீ வந்து, "சின்னப் பிள்ளைதானே" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அவள் அப்பாவுடைய போட்டோ என் தலைக்கு மேலே மாட்டியிருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன். செத்தவரோடு எனக்கென்ன சண்டை? ஆனால் மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் நான்தான் அதிகப்படி ஆள் என்று எனக்குத் தெரியும். படகிலும் அதே வாழ்க்கை என்றால் நான் எங்கே எழுந்து போவேன்? கடலிலா குதிப்பேன்?

இரண்டு வருஷம் போதும் டொரத்தி. நீயும் நானும் மட்டும் இருந்து பார்ப்போம். அவளுக்குப் பதினொன்று ஆனதும் கூட்டிக்கொள்ளலாம். நீயே அங்கே வளர்ந்தவள், கெட்டா போனாய்? உனக்குத்தான் அந்த விசிறி, உனக்குத்தான் புகையில்லாத அடுப்படி, எல்லாமே உனக்காகத்தான் செய்தேன்.

இருபதாம் தேதிக்கு மேல் கடைக்கு எழுதினால் சாமான் வராது. கடைசிக் கணக்கைப் போட்டு அனுப்பு. எத்தனை பேட்டரி, எத்தனை விளக்கு என்று நீயே எழுது. உன் கையால் எழுதிய கணக்கு வந்தால் அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிரகோரி

&nbsp;

பாலோ,
17 நவம்பர் 1936

உங்களுக்கு,

கதவு விஷயம் நிஜம். அன்று அவளைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. அவள் இன்னும் தன் அப்பாவுக்குக் காவல் காக்கிறாள் என்பதில் எனக்கே உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்கும். போட்டோவையும் வேறு சுவருக்கு மாற்றியிருக்கலாம், ஒரு ஆணியும் சுத்தியலும் தேடுகிற வேலைதான். நீங்கள் சொல்லாததால் உங்களுக்கு வலிக்கவில்லை என்று இருந்துவிட்டேன். இதற்கெல்லாம் நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் என் வீட்டில் கதவைச் சாத்தியது எட்டு வயசுப் பிள்ளை. நீங்கள் நாற்பது வயசு ஆள். அவளைப் போலவே கதவைச் சாத்தினீர்கள், அதுவும் என் கையெழுத்தைப் போட்டு.

உங்கள் கடிதத்தை மறைத்துத்தான் வைத்தேன். தேடி எடுத்துப் படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நான்தானே சொல்லிக்கொடுத்தேன். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தன் துணிகளை மடித்துப் பாயின் மேல் வைத்திருந்தாள். "நான் சிஸ்டருங்ககிட்ட இருந்துக்கிறேன்மா. நீங்க அப்பாவோட போங்க. உங்களுக்கு இருமல் வராதுல்ல" என்றாள்.

அப்பா என்றுதான் சொன்னாள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை, என் காதில் நன்றாகவே விழுந்தது. மூன்று வருஷமாக நீங்கள் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது நீங்கள் மெர்சிங்கில் கட்டில் இல்லாத அறைக்கு சுவிட்சுப் பலகை அடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. இப்படிச் சொல்கிற பிள்ளையை விட்டுவிட்டு விசிறிக் காற்றில் படுத்து என்னால் தூங்க முடியுமா?

மதருக்கு எழுதிவிட்டேன். அந்தக் கட்டிலை யாரும் இல்லாத வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றுத் துரையிடமும் போய்ப் பள்ளிக்கூட வேலையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசிக் கணக்குக் கேட்டீர்கள். போட்டிருக்கிறேன்.

நடு அறை விளக்கு இரண்டு ஆம்பியர், மூன்று மணி, ஆறு. தலைமாட்டு விளக்கு ஒன்று, அரை ஆம்பியர், இரண்டு மணி, ஒன்று. அடுப்படி விளக்கு ஒரு ஆம்பியர், ஒரு மணி போதும், ஒரு ஆளுக்குச் சமைக்க அதற்கு மேல் ஆகாது, ஆக ஒன்று. ரேடியோ ஆறு. விசிறி வேண்டாம். மொத்தம் நாளுக்குப் பதினான்கு.

காற்றாடி ஐந்து ஆம்பியர், நான்கு மணி நேரம், இருபது. ஏறும்போது வீணாகிற ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் பதினாறு. தேவைக்கு மேல் இரண்டு மிஞ்சுகிறது. காற்று இல்லாத நாளில் பேட்டரியின் பாதி, அதாவது முப்பது, இரண்டு நாள் தாங்கும். ஆகையால் ஒரு பேட்டரி போதும், இரண்டாவதை ஆர்டர் செய்ய வேண்டாம். அந்த ஒன்றையும் அடுப்படிப் பலகைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இடிக்க யாருடைய காலும் இல்லை. முன் அறை காலியாகவே இருக்கும்.

இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் பதில் எழுதுங்கள்.

டொரத்தி